கிணறு மூடிய மாப்பிள்ளை

திறந்து கிடக்கும் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோகத் தெரியாத மனிதர், ஆஸ்திரேலியாக் கண்டம் முழுக்கத் தேடினாலும், எங்கள் மூடி அண்ணை ஒருவர்தான். குப்பைத் தொட்டி, ஊறுகாய் பாட்டில், பக்கத்து வீட்டுக் கார் ஜன்னல், கொட்டாவி விடுகிற என் வாய், எதுவாக இருந்தாலும் அவருக்கு மூடியாக வேண்டும். கொட்டாவி விஷயத்தில் மட்டும் கையை நீட்டாமல், "வாயை மூடும் தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

2010-ல் சிட்னிக்கு வேலைக்குப் போனபோது, ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் அவரோடு குடியிருந்தேன். நான் திருச்சி, அவர் யாழ்ப்பாணம். அவருடைய முழுப்பெயர் நீளமானது. எனக்கே அது கல்யாணக் கார்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று வாரம் வடக்கே வேலை, மூன்று வாரம் வீட்டில் ஓய்வு என்பது அவர் கணக்கு. வடக்கே என்றால் டார்வின் வரை ஒரு விமானம், அங்கிருந்து ஒரு குட்டி விமானம், அப்புறம் இடுப்பு கழன்றுபோகும் வரை செம்மண் பாதையில் ஜீப். மனுஷ வாடையே இல்லாத அந்தப் பொட்டல்காட்டில் அவருக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை என்றார்கள்.

"எண்ணெய்க் கிணறு தோண்டுறீங்களாண்ணே?" என்று முதல் நாள் மரியாதையாகக் கேட்டேன்.

"தோண்டுறதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கினம். தோண்டி, உறிஞ்சி, முடிஞ்சதும் விட்டிட்டுப் போயிடுவினம். மூடுறதுக்குத்தான் ஆள் இல்லை. நான் மூடுறனான்."

எப்படி மூடுவது என்று கேட்டது என் தப்பு. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு குழல் புட்டு. ஒரு முழுப் புட்டை என் தட்டில் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். மாவு இருக்கிற இடமெல்லாம் சீமெந்து, தேங்காய்ப்பூ இருக்கிற இடமெல்லாம் சேறு. கிணற்றின் அடியிலிருந்து இப்படி மாறி மாறி நிரப்பிக்கொண்டே வந்து, மேலே குழாயை மண்ணுக்குக் கீழே வெட்டி, இரும்புத் தட்டு வைத்து ஒட்டி, அதற்கு மேல் மண் போட்டு, அந்த ஊர்ப் புல் விதையைத் தூவ வேண்டும். "ஆரும் வந்து பாத்தா, இஞ்சை ஒரு கிணறு இருந்ததெண்டே தெரியக் கூடாது" என்று முடித்தார். புட்டு ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு குசினிக்குள் போவார். கேஸ் அடுப்பின் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பார். குமிழி வராது. வராததில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவர் மூடிய குழாயைத் திறக்க நான் இரண்டு கையும் போட்டுத் தொங்க வேண்டும். அவர் மூடிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றை ஆபீசுக்குக் கொண்டுபோய், ரக்பி ஆடுகிற ஒரு மலைமாட்டிடம் கொடுத்தேன். அவன் முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கடைசியில் பாட்டிலை மரியாதையாக மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பயத்தோடு கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்கில் தமிழர்கள் கூடிச் சாப்பிட்டார்கள். எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது அண்ணை மட்டும் முழங்காலில் நின்று, பாய் கிடந்த இடத்தில் படிந்துபோன புல்லைக் கையால் கோதி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவமானத்தில் நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். ஆனால் அதை வேறொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார், வெஸ்ட்மீட் பகுதியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, எல்லாருக்கும் வெஸ்ட்மீட் அன்ரி. ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த மகள் சுகந்திக்கு அவர் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். இவ்வளவு துப்புரவான பிள்ளை ஆர் என்று விசாரித்து, அடுத்த வாரமே தேநீருக்கு வரச் சொல்லிவிட்டார்.

அண்ணைக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலையைக் கேட்டே பல சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பாதி மாதம் பாலைவனத்தில் கிடக்கிற மாப்பிள்ளையை யார் விரும்புவார்கள்? அவருக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லாததால் மாப்பிள்ளை வீட்டார் என்ற பதவி எனக்குக் கிடைத்தது. வேட்டி கட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

வெஸ்ட்மீட்டில் கட்லட் வந்தது, ரோல்ஸ் வந்தது. சுகந்தி வந்து, சிரித்து, எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். அண்ணை திறந்த வாயை மூடவில்லை. சரித்திரத்தில் முதல்முறை. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் இரண்டாவது கட்லட்டை எடுத்தேன்.

"தம்பிக்கு என்ன வேலை?" என்று அன்ரி கேட்டார்.

"கிணறு மூடுறது" என்றார் அண்ணை பெருமையாக.

அன்ரியின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை பாதியில் நின்றது. "மூடுறதோ? எத்தினை கிணறு மூடியிருப்பியள்?"

அண்ணை அதையும் பெருமையாகச் சொன்னார். சுகந்தியின் அப்பா, நாங்கள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், கட்லட்டை மெல்வதை நிறுத்தினார். வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரிலும் சரி, அவர்கள் ஊரிலும் சரி, கிணற்றைத் தூர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

"அன்ரி, அது எண்ணெய்க் கிணறு. தண்ணிக் கிணறு இல்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"கிணறு கிணறுதானே தம்பி" என்றார் அன்ரி. கொஞ்சம் யோசித்து, அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். "சரி, எங்கட ஊரில தவிர்க்க ஏலாமல் கிணறு மூடினா, மேல வரைக்கும் ஒரு குழாய் விட்டுத்தான் மூடுவினம். கிணறு மூச்சு விட வேணும். நீங்களும் இனி அப்பிடி ஒரு சின்னக் குழாய் விடுங்கோ. தோஷம் போயிடும்."

உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் "ஓம் அன்ரி" என்று சொல்லியிருப்பான். வடக்கே போய் எந்த அன்ரி பார்க்கப் போகிறார்? நான் அவர் காலை மிதித்தேன். அண்ணை காலை இழுத்துக்கொண்டார்.

"ஏலாது அன்ரி. அதில மூச்சு வந்தா காஸ் வருகுதெண்டு அர்த்தம். ஒரு குமிழி வந்தாலே நான் செய்த வேலை பிழை."

சம்பந்தம் அந்த இடத்தில் படுத்துவிட்டது. திரும்பி வரும்போது ரயிலில் அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். "ஒரு 'ஓம்' சொன்னா என்னண்ணே, வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"பொய் சொல்லிக் கலியாணம் கட்டினா அது லீக் அடிக்கும் தம்பி" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் சாம்பார்ச் சட்டி திறந்தே கிடந்தது. அண்ணை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே தன் அறைக்குப் போய்விட்டார். சுகந்தியை அவருக்கு எவ்வளவு பிடித்துப்போயிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டியை நானே மூடினேன்.

இரண்டு நாள் கழித்து அன்ரி என்னைப் போனில் பிடித்தார். மகள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், குரல் இறங்கியிருந்தது. குழாய் விடாவிட்டால் போகட்டும், அடுத்த கிணற்றை மூடும்போது விளக்கேற்றித் தேங்காய் உடைத்து ஒரு பூசையாவது செய்து, படம் எடுத்துக் காட்டட்டும் என்றார்.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதால் அண்ணை ஒப்புக்கொண்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எண்ணெய்க் கிணற்றுப் பக்கத்தில் தீப்பெட்டி கொண்டுபோனாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கற்பூரம் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க் பகுதியில் கடை கடையாக ஏறி இறங்கி, பேட்டரியில் எரிகிற குத்துவிளக்கு ஒன்று வாங்கினோம். தேங்காய்க்கு அவருடைய மேலாளர் கெவினிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கெவின் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓடு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து என்று எல்லாருக்கும் கண்ணாடியும் கையுறையும் போடச் சொன்னாராம். இரும்புச் சுத்தியல் பட்டால் பொறி பறக்கும் என்று, பொறி பறக்காத பித்தளைச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தாராம். நம் கோயில்களில் தேங்காய்க்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

படம் வந்தது. செம்மண் வெளி. நடுவில் ஒரு இரும்புத் தட்டு, அதன்மேல் பேட்டரி விளக்கு, உடைத்த தேங்காய். சுற்றி ஆரஞ்சுச் சட்டையும் தலைக்கவசமுமாக ஆறேழு தடியன்கள் கைகூப்பி நிற்கிறார்கள். கெவின் கண்ணையே மூடியிருந்தார்.

அந்தப் படத்தோடு மறுபடி வெஸ்ட்மீட் போனோம். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லாப்டாப்பில் மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. ஆனா குழாய் எங்க?" என்றார்.

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அப்போதுதான் டியூட்டி முடித்து யூனிஃபாரத்தோடு வந்திருந்த சுகந்தி, செருப்பைக்கூடக் கழற்றாமல், அண்ணையைப் பார்த்துக் கேட்டாள்.

"மூடினாப் பிறகு என்ன செய்வீங்கள்?"

"மண்ணைக் கிளறி, புல் விதை போடுவம்."

"பிறகு?"

"மழைக்காலம் முடிய ஒருக்கால் போய்ப் பாப்பம். புல் முளைச்சிருக்கோ, காஸ் கசியுதோ எண்டு."

"முளைக்காட்டி?"

"திரும்பப் போடுவம். அடுத்த வருஷம் திரும்பப் போய்ப் பாப்பம்."

சுகந்தி அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, எங்கட வார்டில ஆளை வீட்டுக்கு அனுப்பினாப் பிறகு ஆரும் போய்ப் பாக்கிறேல்லை. இவர் ஒரு பாழுங் கிணத்தை வருஷா வருஷம் போய்ப் பாக்கிறார். எனக்கு இது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அன்ரி வாயைத் திறந்தார். அதற்குள் சுகந்தியின் அப்பா, அந்த வீட்டில் நான் கேட்ட அவருடைய முதல் வாக்கியத்தைச் சொன்னார். "குழாய் கிடக்கட்டும். நீ தேத்தண்ணி போடு."

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அண்ணை ஃபிளாட்டில் தன் அறையைக் காலி செய்தார். ஆணி அடித்த ஓட்டைகளை அடைத்து, பெயின்ட் பூசி, கட்டில் கால் பதிந்த கார்ப்பெட் பள்ளங்களில் ஐஸ் கட்டி வைத்து இழைகளை நிமிர்த்தி, அறையைத் துடைத்துவிட்டுப் போனார். ஆபீசிலிருந்து வந்து பார்த்தேன். அங்கே ஒரு மனுஷன் இருந்தான் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அவருடைய வேலைச் சுத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக வெறுத்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அடுத்த மே மாதம் கதவு தட்டும் சத்தம். அண்ணை நின்றுகொண்டிருந்தார், கையில் சோப்புத் தண்ணீர் பாட்டில். "சும்மா, ஒருக்கால் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்" என்றபடி நேரே குசினிக்குப் போனார். அடுப்பைப் பார்த்தார், குழாய்களை இறுக்கினார், கடைசியில் என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போனீர், சாப்பிடும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் மூன்று வீடு மாறிவிட்டேன், கல்யாணமும் ஆகிவிட்டது. எந்த வீடானாலும் வடக்கே மழை முடிந்ததும் அண்ணை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். எங்கள் சமையலறைக் குழாய் இரண்டு வாரமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் என்ன என்று மனைவி தினமும் திட்டுகிறாள். நான் கூப்பிடவில்லை. மே மாதம் பிறந்துவிட்டது.