லோர்னா ஓட்ட முடியாத கார்

கிர்ர்ர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம். பிறகு ஒரு மூச்சு அமைதி. பிறகு, டொங்!

இருட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தை ஓப்பலை அப்போதுதான் தோளில் போட்டுத் தூங்கவைத்திருந்தாள் லோர்னா. தட்டிய கை அந்தரத்தில் நிற்க, கணவனைப் பார்த்தாள்.

"வாசல்ல யாரோ நடமாடறாங்க, வெர்லின்."

"காத்து."

"காத்து குப்பைத் தொட்டிய முட்டுமா? போய்ப் பாரு."

"நீ வேணா பாரேன். நான் குழந்தையப் பிடிச்சுக்கறேன்."

லோர்னா பார்த்தாள், அவ்வளவுதான். அவர்கள் இருக்கும் கன்சாஸில் சூறாவளிக்குச் சங்கு ஊதினால்கூட வெர்லின் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டான். அந்தப் பார்வைக்கு எழுந்தான். வலக்கையில் பேஸ்பால் மட்டை. இடக்கையில் தைரியத்துக்காகப் பாதி தின்ற முட்டைக்கோசு பன். கதவை ஒரு சாண் திறந்தான். பிறகு இன்னொரு சாண்.

திருடன் யாரும் இல்லை. அவனுடைய ஆரஞ்சு நிறக் கார்தான் யாரும் ஓட்டாமலே வாசல் சரிவில் உருண்டுபோய், குப்பைத் தொட்டியின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

அது சாதாரணக் கார் அல்ல. ஹாட் ராட். 1934-இல் செய்த உடம்பு. அதற்குள் லாரியை இழுக்கும் பலமுள்ள எஞ்சின். பக்கவாட்டில் தீ எரிவதுபோல் ஓவியம். மோட்சத்துக்குப் போக வேண்டிய கிழவியின் உடம்பில் குட்டிச்சாத்தானை ஏற்றிவிட்டதுபோல் இருக்கும். பதினொரு வருடம் வெர்லின் தன் கையாலேயே கட்டிய கார். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. "என்னைக் காதலிச்சது மூணு மாசம், அதைக் காதலிச்சது பதினொரு வருஷம்" என்று லோர்னா சொல்வாள். கணக்கில் பிழையில்லை.

காருக்குள் எட்டிப் பார்த்தான். ஸ்டியரிங் தண்டில் ஒட்டியிருக்கும் கியர் லிவர், காரை நகரவிடாமல் பூட்டும் 'பார்க்' என்ற எழுத்தில் சாதுவாக நின்றது. ஆனால் உள்ளே இணைப்புகள் தேய்ந்துபோய், லிவர் ஒன்று சொல்ல, கீழே கியர்பெட்டி வேறொன்று செய்திருக்கிறது.

"கடைசியா ஓட்டினது யாரு?" என்றான் உள்ளே வந்து.

"நான்தான். டயபர் வாங்கப் போனேன். பார்க்லதான் போட்டேன்."

அங்கேதான் வெர்லினின் நெஞ்சு புகைந்தது. லோர்னாவின் வேன் ஆகஸ்டிலிருந்து படுத்த படுக்கை. அன்றிலிருந்து டயபருக்கு ஹாட் ராட். நூலகத்துக்கு ஹாட் ராட். அம்மா வீட்டுக்கு ஹாட் ராட். தோல் இருக்கையின் மடிப்பில் பிஸ்கட் தூள். போன சனிக்கிழமை மெயின் தெருவில் ஊர்க் கார்களெல்லாம் வரிசையாக வலம்வந்து நின்றபோது, வெர்லின் பெருமையோடு எஞ்சின் மூடியைத் திறந்தான். பத்துப் பேர் குனிந்து பார்த்தார்கள். காற்று வடிகட்டியின் உச்சியில் இளஞ்சிவப்பில் ஒரு குட்டிக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு அவனுக்கு ஏற்பட்ட அவமானத்தை எழுத எனக்கே கூசுகிறது.

இப்போது குப்பைத் தொட்டி வழிகாட்டிவிட்டது. புது லிவர் போட்டே ஆக வேண்டும். போடுவதுதான் போடுகிறோம், லோர்னாவால் ஓட்டவே முடியாத ஒன்றாகப் பார்த்துப் போட்டால் என்ன? வெர்லின் மட்டையை மூலையில் வைத்துவிட்டு மிச்சப் பன்னை ஒரே வாயில் விழுங்கினான்.

மறுநாள் எதிர் வீட்டு ஹார்லன் வந்து வேலிமேல் சாய்ந்தபடி ஆலோசனை வழங்கினான். ஆறடி நாலங்குலம். அவனிடமும் ஒரு ஹாட் ராட் உண்டு, நீலம்.

"மூணு வகை இருக்குடா. ஒண்ணு, தரையிலேர்ந்து நீளமா ஒரு கம்பி. தள்ளினா போகும், இழுத்தா வரும். ஆட்டுக்குட்டி கூட ஓட்டும்."

"வேணாம்."

"ரெண்டாவது, படிக்கட்டு மாதிரி வழி வெட்டினது. அதையும் ரெண்டு நாள்ல கத்துக்குவாங்க. மூணாவது ராட்செட். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒரு கியர். டக்குனு ஒண்ணு, டக்குனு இன்னொண்ணு. ரிவர்ஸ் போகணும்னா கைப்பிடிக்குக் கீழ ஒரு பூட்டு இருக்கு, அதை விரலால தூக்கணும். ரேஸ்காரங்க போடறது. நான் போட்டு நாலு வருஷமாச்சு. என் பொண்டாட்டி ட்வைலா இன்னிக்கு வரைக்கும் என் காரைத் தொட்டதில்ல."

"தொட்டதே இல்லையா?"

"பாக்கறதுகூட இல்லடா."

வெர்லினின் கண்ணில் நீர் துளிர்த்தது. அன்றே ராட்செட்டுக்கு ஆர்டர் போட்டான்.

"குழந்தைய வச்சு ஓட்டறப்ப அது பத்திரமா இருக்குமா?" என்று அடுத்த நாள் மதியம் லோர்னா கேட்டாள். அவளுக்கு அந்த இரவிலிருந்து வேறு கவலையே இல்லை. சரிவில் கார் தானாக உருண்ட சத்தம் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

"பத்திரமா? ரேஸ்ல போடற சாமான், லோர்னா! உன் நல்லதுக்குத்தான் பாத்துப் பாத்து வாங்கறேன்."

"எனக்காகவா?"

"பின்ன?"

லோர்னா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு, "நீ எவ்வளவு நல்லவன்" என்றாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. வெர்லின் கவனிக்கவில்லை. நல்லவன் என்று சொல்லக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பெட்டி வந்தது. பளபளவென்று லிவர், பாம்புபோல் சுருண்ட கேபிள், சில தகடுகள், திருகாணிகள், பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வழிமுறைப் புத்தகம். இந்த ஊர் ஆண்களுக்கு ஒரு தர்மம் உண்டு. காரை வெட்டலாம், ஒட்டலாம், கொளுத்தலாம். வழிமுறைப் புத்தகத்தைப் படிக்கக் கூடாது. படித்தான் என்று தெரிந்தால் மெயின் தெருவில் அவன் பக்கத்தில் யாரும் காரை நிறுத்தமாட்டார்கள். வெர்லின் அந்தப் புத்தகத்தைக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தான். மாலையில் அது அங்கே இல்லை. அவன் தேடவும் இல்லை.

தரையை அறுத்தான். லிவரைப் பொருத்தினான். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கேபிளை இழுத்துப்போய் கியர்பெட்டியின் கையில் மாட்டப் பார்த்தான். கேபிள் முனையிலுள்ள ஊசி அந்தக் கையின் துளைக்குள் போகவில்லை. அரைவிரல் அகலம் விலகி நின்றது. புத்தகம் படித்தவனாக இருந்தால் கேபிளைத் திருகிச் சரிசெய்திருப்பான். வெர்லின் சுத்தியலை எடுத்தான். ஊசி உள்ளே போயிற்று.

லோர்னா குழந்தையோடு வந்து நின்றாள். வேலை மேசையில் ஒரு சின்ன சுவிட்சும் இரண்டு ஒயர்களும் கிடந்தன.

"இது மிஞ்சியிருக்கே?"

"உபரி."

"உபரியா?"

"கம்பெனிக்காரன் தாராளமானவன்."

"இல்ல வெர்லின், பார்க்லயோ நியூட்ரல்லயோ இருந்தாத்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகணும்னு இதை வைக்கறாங்களாம்."

"யார் சொன்னா?"

"யாரோ."

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. நான் பயப்படறவனா?"

மட்டையும் பன்னுமாக நின்றதை அவள் நினைவூட்டவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

புதன்கிழமை மாலை வெள்ளோட்டம். ஹார்லன் தன் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். லோர்னா காருக்குப் பின்னால் நின்றிருந்த குழந்தை வண்டியை, என்ன தோன்றியதோ, தள்ளிக்கொண்டு வீட்டுப் படிக்கருகே கொண்டுபோனாள். வெர்லின் ஏறி உட்கார்ந்தான். லிவர் பார்க்கில். சாவியைத் திருப்பினான்.

கார் கர்ஜித்தது. கர்ஜித்த அதே நொடியில் பின்னோக்கிப் பாய்ந்தது. லிவர் பார்க் என்கிறது, கியர்பெட்டியோ ரிவர்ஸில். வெர்லின் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கார் தெருவைக் குறுக்கே கடந்து, ஹார்லனின் தபால் பெட்டியைக் கம்பத்தோடு பிடுங்கி, அதன் மேலேயே ஏறி நின்றது. கடிதங்கள் மெதுவாகக் கீழே இறங்கின.

ஹார்லன் நாற்காலியிலிருந்து எழவில்லை. "மின்சார பில்லும் அதுலதான்டா இருந்துச்சு" என்றான்.

வெர்லின் திரும்பிப் பார்த்தான். லோர்னா குழந்தை வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அந்த வண்டி ஒரு நிமிடம் முன்பு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. உதடு மட்டும் ஏதோ ஜெபம்போல் அசைந்தது. அவள் திட்டியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். திட்டவில்லை. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

வியாழன் முழுக்க வெர்லின் காருக்கு அடியிலேயே கிடந்தான். கேபிளை இந்தப் பக்கம் இழுத்தான், பார்க் வந்தது, முதல் கியர் காணாமல் போயிற்று. அந்தப் பக்கம் இழுத்தான், முதல் கியர் வந்தது, ரிவர்ஸ் தொலைந்தது. வெள்ளிக்கிழமை மாலை எல்லாமே தொலைந்தன. மறுநாள் சனிக்கிழமை, மெயின் தெருவில் மறுபடியும் வலம்.

"நான் சரி பண்ணட்டுமா?" என்றாள் லோர்னா. ஹார்லனும் அங்கே நின்றிருந்தான்.

வெர்லின் சிரித்தான். ஹார்லன் சிரித்தான். எண்ணெய்க் கறையோடு சிரிக்கிற ஆணின் நாக்குக்குப் பிரேக் கிடையாது.

"நீயா? நீ இதைச் சரி பண்ணிட்டா நாளைக்கு வலத்துக்கு நீயே ஓட்டிட்டுப் போ. நான் வீட்ல குழந்தையப் பாத்துக்கறேன்."

"நாளைக்கு மட்டுமா?"

"எல்லா சனிக்கிழமையும்!"

"ஹார்லன், நீங்க சாட்சி," என்றாள் லோர்னா. ஓப்பலை வெர்லினின் கையில் கொடுத்தாள். பின்பாக்கெட்டிலிருந்து எதையோ உருவினாள். வட்டமான காபிக் கறையோடு பன்னிரண்டு பக்கப் புத்தகம். ஓரமெல்லாம் பென்சிலில் கோடு.

வெர்லினுக்கு அப்போதுதான் மாமனார் நினைவுக்கு வந்தார். சலைனா ஊருக்கு மேற்கே அவருக்கு எண்ணூறு ஏக்கர் கோதுமை. லோர்னா பன்னிரண்டு வயதிலேயே அறுவடை இயந்திரம் ஓட்டியவள். அதில் லிவர் மட்டும் ஒன்பது.

லிவரைப் பார்க்கில் வைத்தாள். காருக்கு அடியில் போனாள். "காரைத் தள்ளுங்க" என்றாள். தள்ளினார்கள். உருண்டது. கியர்பெட்டியின் கையைக் கடைசிவரை திருப்பினாள். "இப்பத் தள்ளுங்க." இரண்டு பேரும் மூச்சுமுட்டத் தள்ளினார்கள். இம்மி அசையவில்லை. கேபிளை நாலு சுற்றுத் திருகினாள். ஊசி வெண்ணெயில் கத்திபோல் போயிற்று. அந்த 'உபரி' சுவிட்சையும் இரண்டு ஒயரையும் அதன் இடத்தில் மாட்டினாள். நாற்பது நிமிடம். நடுவில் ஒரு தடவை வெளியே வந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனதையும் சேர்த்து.

ரிவர்ஸில் வைத்துச் சாவியைத் திருப்பினாள். பேச்சு மூச்சில்லை. பார்க்கில் வைத்துத் திருப்பினாள். கர்ஜனை, ஆனால் கார் நின்ற இடத்தில் நின்றது.

வெர்லினுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. "சரி, ஓட்ட வேண்டாமா? அது ராட்செட்டாச்சே."

லோர்னா ஒரு விரலால் பூட்டைத் தூக்கினாள். பின்னால் போனாள். டக். முன்னால் வந்தாள். டக். டக். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து அவன் கால் கட்டைவிரலுக்கு ஓர் அடி முன்னால் நிறுத்தினாள்.

"அருமையான சாமான். ஒரு தட்டுக்கு ஒரே கியர், பாக்கவே வேணாம், ஒரு கை போதும். குழந்தை இழுத்தாக்கூடத் தப்பா ரிவர்ஸ் விழாது. நானே தேடியிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பேன்."

வெர்லின் லிவரைக் கைகாட்டினான். "நான் இதை வாங்கினதே..."

"நான் ஓட்டக்கூடாதுன்னுதான். தெரியும். ஹார்லன் அன்னிக்கு ராத்திரியே சாப்பாட்டு மேசையில பெருமையா ட்வைலாகிட்ட சொல்லிட்டாராம். அவ காலையில என்கிட்ட சொன்னா."

"தெரிஞ்சுமா நீ சும்மா இருந்தே?"

"பொண்டாட்டிக்கு நல்ல சாமான் வாங்கித் தர்ற புருஷனை யாராவது தடுப்பாங்களா?"

சனிக்கிழமை மாலை ஆரஞ்சுக் கார் மெயின் தெருவுக்குக் கிளம்பியது. லோர்னா உதட்டுக்குச் சிவப்பு பூசியிருந்தாள். பக்கத்து இருக்கையில் ட்வைலா. வெர்லின் ஜன்னலில் நின்று ஓப்பலின் கையைப் பிடித்து ஆட்டி வழியனுப்பினான். ஓப்பல் அவன் சட்டையில் கக்கினாள்.

எட்டு மணிக்கு யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் ஹார்லன். புல்வெளியைக் குறுக்கே ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டிருந்தது.

"என்னை உள்ள விடுடா!"

"என்னாச்சு?"

"உன் பொண்டாட்டி ஸ்டியரிங்கை அவகிட்ட குடுத்துட்டாடா! மெயின் தெருவுல என் ட்வைலா ராட்செட் ஓட்டியிருக்கா! ஊரே கை தட்டிச்சாம்! இப்ப வீட்டுக்கு வந்து என் நீலக் காரோட சாவி எங்கன்னு கேக்கறா!"

"சாவி எங்க?"

"என் பாக்கெட்ல."

வாசலில் பெண்கள் சிரிக்கிற சத்தம் நெருங்கியது. படியில் காலடி.

ஹார்லன் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டான். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எம்பி, மேல்தாழ்ப்பாளையும் போட்டான் வெர்லின்.