ஆவணி வெயிலில் ஒரு கார்காலம்

ஆரோக்கியமாக வாழ்ந்தே தீருவது என்று முடிவெடுத்தவளிடம் யாரும் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. சொல்பவள் அனுபவப்பட்டவள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம் முழுக்க எனக்குத் தலைவலி. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பருவத்தோடு ஒத்து வாழ்ந்தால் நோயே அண்டாதாம். கார், கூதிர், முன்பனி என்று ஆறு பருவத்துக்கும் என்ன தின்பது, எப்படிக் குளிப்பது என்று ஓர் அட்டவணை. அதை எழுதி எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். (ஏசு படத்துக்குப் பக்கத்தில். அவ்வளவு பக்தி.)

ஆவணி பிறந்தது. அட்டவணைப்படி கார்காலம்: வெந்நீர்க் குளியல், மிளகுக் கஷாயம், காதை மூடுதல், ஈரத்தை விலக்குதல். விருத்தாசலத்து வெயிலோ மண்டையைப் பிளந்தது. வானத்தை நம்புவதா, சுவரை நம்புவதா? ஒரே குழப்பம். படித்தவள் அல்லவா, சுவரை நம்பினேன். காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு கஷாயம் குடித்தேன். முதுகெல்லாம் வேர்க்குரு. நோய் வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அப்போது பங்குக் கோயில் திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க அறுபது மாதா சுரூபங்கள் வார்த்துக் காய வைத்திருந்தோம். எங்கள் கோயில் எங்களை நம்பிக் கொடுத்த முதல் வேலை. கெட்டால் அங்கே தலைகாட்ட முடியாது. அந்த நேரம் பார்த்து என் கணவர் சேவியர், ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சாவுக்குப் புறப்பட்டார்.

"ஸ்டெல்லா, வெயிலு கொளுத்துது. பொம்மைங்க மேல ஈரக் கோணி இருந்துகிட்டே இருக்கணும். சட்டுனு காஞ்சா வெடிச்சிடும்."

"மழைக்காலத்துல எடுத்துடலாம் இல்லீங்க?"

"அப்ப எடுத்துதான் ஆவணும். இல்லன்னா காயாது," என்றபடி பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் அட்டவணையைப் பார்த்தேன். கார்காலம். உடம்பும் மண், பொம்மையும் மண். கோணிகளை உருவிப் போட்டேன். போதாதென்று ஃபேனையும் முழு வேகத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை, வேலைக்கு வந்த செல்வி அலறினாள். "அக்கா, ஓடியாங்க! மாதா அழுவுறாங்க!"

பார்த்தால் உண்மைதான். முகத்துக்கு முகம், கண்ணுக்குக் கீழே கன்னம் வழியாக மெல்லிய கோடு. என்ன ஏதென்று யோசிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமாலை தொடங்கினார்கள். நானும் முழந்தாளிட்டேன். (பட்டறைக்காரியே!) முத்தமிடப்போன ஒரு பெண்மணி தொட்டதும் கன்னம் பெயர்ந்து அவர் கையில் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் பைக்கில் ஃபாதரே வந்துவிட்டார். "இன்னாம்மா இது?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் இது மாதா செய்த புதுமை, அற்புதம். நாளைக்கே கம்மாபுரத்திலிருந்து வேன் பிடித்து வந்துவிடுவார்கள். முழந்தாளிலிருந்து எழுந்தேன்.

"அழுவல ஃபாதர். வெடிச்சிருக்குது. நான்தான் கோணிய எடுத்துட்டேன். மழைக்காலம்னு நெனச்சிட்டேன்."

ஃபாதர் என் மஃப்ளரைப் பார்த்தார். வெளியே வெயிலைப் பார்த்தார். "மழையா? எங்கம்மா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி இரண்டு அணைந்தது. நான் அழுதேன்.

மதியம் திரும்பிய சேவியர் திட்டவில்லை. "சுடாத மண்ணுதான? கரைச்சி மறுபடி ஊத்திக்கலாம்," என்றார். ஜெபம் சொல்ல வந்தவர்களே தண்ணீர் சுமந்தார்கள். திருவிழாவுக்கு முந்தைய நாள் அறுபது மாதாவும் சிரித்த முகத்தோடு கோயிலுக்குப் போனார்கள். (என் தலைவலிக்கு வைத்தியம் மூக்குக் கண்ணாடி என்று பிறகு தெரிந்தது.)

அந்த வருடம் பூசை முடிந்து ஃபாதர் அறிவித்தார்: "சாயங்காலம் தேர்பவனி. மழை வருமான்னு ஸ்டெல்லாவைக் கேட்டுக்குங்க." அதிலிருந்து வருடம் தவறாமல் இதே அறிவிப்பு. போன வருடம் நானும் எழுந்து நின்று, "வராது ஃபாதர்!" என்றேன். தேர் முதல் தெரு திரும்புவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. நனைந்துகொண்டே அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.