மத்தி உண்டா, பை உண்டு

கடல் வாழ வேண்டும் என்பதில் பிக்கரிங் துறை ஊர்ச்சபைக்கு எந்தக் காலத்திலும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. ஊரே கடலை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே, சபைத் தலைவி திருமதி வின்ஸ்லோ பாஸ்டனில் ஒரு மாநாட்டுக்குப் போய், பிளாஸ்டிக் பையை விழுங்கிய ஆமையின் படத்தைப் பார்த்துக் கண் கலங்கித் திரும்பியபோது, அவர் கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. நம்ம கடலில் ஆமையை யாரும் பார்த்ததே இல்லையே என்று ஒரு உறுப்பினர் மட்டும் மெல்ல இழுத்தார்.

"பாத்தீங்களா, எல்லாம் அழிஞ்சு போச்சு" என்றார் திருமதி வின்ஸ்லோ.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அந்த ஊர் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் ஓடுகிற ஒவ்வொரு காரின் நம்பர் பலகையிலும் 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ' என்று பொறித்திருக்கும். அப்படிப்பட்ட மாநிலத்தில் ஜனங்களிடமிருந்து ஒரு பையைப் பிடுங்குவதென்றால் அதற்கென்று தனியாக ஓர் அதிகாரி வேண்டும் என்று சபை கருதியது. அதுவரை நாய்களுக்கு உரிமம் வழங்கிக்கொண்டிருந்த நார்ட்டன் கிம்பலை அந்தப் பதவியில் அமர்த்தி, ஒரு தொப்பியும் கொடுத்தது.

நார்ட்டன் முதலில் போனது படகுத்துறையை ஒட்டியிருந்த லுசெட் கோட்டேயின் மளிகைக்கடைக்கு. ஊர் எல்லைக்குள் அது ஒன்றுதான் மளிகைக்கடை.

"வா நார்ட்டன். காபி குடிக்கிறியா?" என்றாள் லுசெட்.

"குடு. சர்க்கரை போடாத, டாக்டர் திட்டுறாரு" என்றான். பிறகு கக்கத்திலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "இதனால் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில்..."

"யாருக்கு?"

"தங்களுக்கு."

"ஒண்ணாங்கிளாஸ்ல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம், நார்ட்டன்."

"அது சபையின் ஆவணங்களில் இடம்பெறவில்லை" என்று சொல்லிவிட்டு அவன் விதியைப் படித்தான். மெல்லியதோ தடித்ததோ, கைப்பிடி உள்ளதோ இல்லாததோ, எவ்வகைப் பிளாஸ்டிக் பையையும் கடைக்காரர் எவரும் வாடிக்கையாளர் எவருக்கும் வழங்கலாகாது. வேகவைக்கப்படாத மீன், இறைச்சி ஆகியவற்றை எடுத்துச் செல்லும் பைகளுக்கு இது பொருந்தாது. மீறினால் அபராதம். மீண்டும் மீறினால் கடை உரிமம் ரத்து.

படித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றினான். "காபி ஆறிடுச்சா?"

லுசெட் சட்டத்தை மதிக்கிறவள். காகிதப் பை வரவழைத்தாள். ஆனால் பிக்கரிங் துறையில் மழை பெய்யாத நாளில் மூடுபனி இருக்கும், மூடுபனி இல்லாத நாளில் அலைச்சாரல் அடிக்கும். காகிதப் பை கார் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. தக்காளிச் சாறு டப்பாக்கள் படகுத்துறைச் சரிவில் உருண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் குதித்தன. துணிப்பையோ எல்லார் வீட்டிலும் இருந்தது. வீட்டில்தான் இருந்தது. கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றதும் ஒவ்வொருவருக்கும் அது நினைவுக்கு வரும். ஒரு கையால் நெற்றியில் தட்டிக்கொள்வார்கள். மறு கையால் ஒரு புதுத் துணிப்பை வாங்குவார்கள். மறுநாள் அதையும் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

சிங்கி இறால் பிடிக்கிற கிழவர் எல்வுட் பிக்கெட் மட்டும் யோசனைக்காரர். உருளைக்கிழங்கைத் தன் ரப்பர் பூட்ஸுக்குள் கொட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.

மற்றவர்கள் நெடுஞ்சாலையோரம் இருந்த பெரிய கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்தக் கடை ஊர் எல்லைக்கு வெளியே, ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே ஒரு பை கேட்டால் இரண்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஆமைகள் ஓடையைத் தாண்டி வராது என்று நினைத்தார்களோ என்னவோ.

லுசெட்டின் கடையில் ரொட்டி காய்ந்தது. பால் புளித்தது. இனிமேல் பாதி கொண்டுவந்தால் போதும் என்று ரொட்டிக்காரனிடம் அவள் சொன்ன அன்று, அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி அவன் தலையாட்டியது அவளை உறுத்தியது. குளிர்காலம் தாண்டுமா இந்தக் கடை என்று முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எல்வுட் வந்து ஒரு துண்டு பன்றி இறைச்சியும், ஒரு சோப்பும், ஒரு பெட்டி தீக்குச்சியும் வாங்கினார். இறைச்சியை விதிப்படி பிளாஸ்டிக் பையில் போட்டாள் லுசெட்.

"சோப்பையும் அதுலயே போடும்மா" என்றார் எல்வுட்.

ஓரமாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்த நார்ட்டனின் கை தொப்பியைத் தேடியது.

"அந்தப் பை இறைச்சிக்கானது" என்றான் தொப்பிக்குள்ளிருந்து.

"இறைச்சி அதுலதானய்யா இருக்கு?"

"இருக்கிறது."

"அப்ப அது இறைச்சிப் பைதானே?"

"ஆம்."

"சோப்பு உள்ள போனா இறைச்சி வெளிய வந்துருமா?"

நார்ட்டன் விதியைப் பிரித்து, உதடு அசைய இருமுறை படித்தான். அவன் நேர்மையான மனிதன். இல்லாததை இருப்பதாகச் சொல்லமாட்டான். "இறைச்சிக்கோ மீனுக்கோ துணையாக எவை செல்லலாம், எவை செல்லலாகாது என்று சபை எதுவும் கூறவில்லை" என்று அறிவித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "சோப்பு வாசனை கறியில ஏறிடும், பாத்துக்குங்க."

அன்று சாயங்காலமே லுசெட் எல்வுட்டின் படகுக்குப் போனாள். சிங்கி இறால் கூட்டில் இரைக்காக வைக்கிற மத்தி மீன், பெட்டி பெட்டியாக அங்கே கிடந்தது. மீன்களிலேயே மலிவானது அதுதான். மறுநாள் காலை கடைவாசலில் ஒரு பலகை தொங்கியது: மத்தி உண்டா, பை உண்டு.

ஊர் திரும்பி வந்தது. ரொட்டி, பால், பாத்திரம் தேய்க்கிற நார், பேட்டரி என்று எது வாங்கினாலும் கடைசியில் ஒரு மத்தி. அந்த மத்தியை மரியாதையாக ஒரு பெரிய பைக்குள் படுக்கவைத்து, அதன் பக்கத்தில் மற்றதை அடுக்குவாள் லுசெட். எல்லா வீட்டுப் பூனைகளும் பெருத்தன. கடற்பறவைகள் கடல் பக்கமே போவதை விட்டுவிட்டு வாகன நிறுத்தத்தில் குடியேறின. அந்த வசந்தத்தில் ஊரில் பரிமாறிக்கொள்ளப்பட்ட பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் எல்லாவற்றிலும் செதில் ஒட்டியிருந்தது. ஊர்மக்கள் சத்தான கடலுணவுக்குத் திரும்பியுள்ளனர் என்று திருமதி வின்ஸ்லோ ஆண்டறிக்கையில் எழுதினார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பியானோ ஆசிரியை டாஃப்னி ஆட்சேபம் தெரிவித்தாள். அவள் சைவம்.

"மீனை நான் தொட மாட்டேன், லுசெட்."

"தொட வேணாம்மா. எடுத்துட்டுப் போனாப் போதும்."

"ஒரு ஷாம்பு வாங்குறதுக்கு ஒரு உயிரு போகணுமா?"

அது நியாயமான கேள்வியாகவே லுசெட்டுக்குப் பட்டது. கோடையில் வருகிற குழந்தைகளுக்காக வாங்கி வைத்த பொம்மைகள் பரண்மேல் இருந்தன. அதில் பிளாஸ்டிக் மீன் ஒன்றைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, டாஃப்னியின் பையில் போட்டாள். பிறகு, ஓரமாகக் காபியோடு நின்ற நார்ட்டனைப் பார்த்தாள்.

நார்ட்டன் மீனைக் கையில் வாங்கிப் புரட்டினான். முகர்ந்தான்.

"இது வேகவைக்கப்பட்டதா?"

"இல்ல."

"வறுக்கப்பட்டதா, புகையிடப்பட்டதா?"

"எதுவும் பண்ணல. பெட்டியில இருந்து எடுத்ததுதான்."

"எனில், இது வேகவைக்கப்படாத மீன்" என்று தீர்ப்புச் சொன்னான்.

டாஃப்னியின் பை நாறவில்லை என்பதை வரிசையில் நின்றவர்கள் கவனித்தார்கள். அடுத்த வாரமே ஊரில் யாருக்கும் செத்த மீன் வேண்டியிருக்கவில்லை. லுசெட் பிளாஸ்டிக் மத்தியைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தாள். நீலம், சிவப்பு, மினுமினுக்கும் பச்சை. ஒரு மீனை வாங்கினால் ஆயுசுக்கும் அதையே காட்டிக்காட்டிப் பை வாங்கலாம் என்பதுதான் ஏற்பாடு. மக்கள் மீனை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். கல்லாவுக்கு முன்னால் நெற்றியில் தட்டிக்கொண்டு புது மீன் வாங்கினார்கள். எல்லார் வீட்டிலும் சமையலறையின் கடைசி இழுப்பறை மீனால் நிரம்பி, இழுக்க வராமல் போனது.

கோடையில் பாஸ்டனிலிருந்து வந்த பணக்காரர்கள் இதைக் கண்டு மயங்கிப்போனார்கள். கடலுக்காக ஒரு மீனைச் சுமக்கும் எளிய மக்கள் என்று படம் எடுத்துப் போட்டார்கள். அவர்கள் மத்தியைத் தோள்பையில் கட்டித் தொங்கவிட்டார்கள். போன மாசத்து மீனோடு வருகிறவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். திருமதி வின்ஸ்லோ எனாமல் பூசிய மத்தி ஒன்றைச் செய்யச் சொல்லிக் கோட்டில் குத்திக்கொண்டார்.

ஒருநாள் காலை, கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில், பாசிக்கு நடுவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மத்தி கிடப்பதை லுசெட் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஒரு கூட்டமே கரையொதுங்கியிருந்தது. அவளுக்கு மனசு என்னவோ செய்தது. குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினாள். கடைக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாள். பிறகு, விற்பதற்கு அடுக்கிவைத்தாள்.

வருடாந்திர ஊர்க்கூட்டத்தில் எல்வுட் எழுந்து நின்றார்.

"நான் படிக்காதவன். முன்னாடி ஜனங்க பை மட்டும் வாங்குனாங்க. இப்ப பையும் வாங்கறாங்க, மீனும் வாங்கறாங்க. ரெண்டுமே பிளாஸ்டிக். என் மத்தியை நாய்கூடச் சீண்டமாட்டேங்குது. அந்த விதியைத் தூக்கிரலாமே?"

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் சொல்வது சரிதானே என்று பலருக்கும் தோன்றிவிட்டதுபோல இருந்தது. கடலின் சார்பில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று திருமதி வின்ஸ்லோ கேட்டார்.

லுசெட் எழுந்தாள். விதி வந்தபோது அவளைவிட அதை வெறுத்தவர்கள் ஊரில் யாருமில்லை. ஆனால் அவளுடைய கிடங்கில் கூரை வரைக்கும் மத்தி அடுக்கியிருந்தது.

"நம்ம பிள்ளைங்களுக்கு நாம என்னத்த விட்டுட்டுப் போகப்போறோம்?" என்று தொடங்கியவளுக்கு, அவளே எதிர்பாராதபடி, குரல் தழுதழுத்தது. கடலைப் பற்றி நிறையப் பேசினாள். பேசப்பேச அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. திருமதி வின்ஸ்லோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நார்ட்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதான். விதி நீடித்தது. எல்வுட்டுக்கு ஆறுதலாக, ஊருக்குள் பிளாஸ்டிக் மத்தி வழங்கும் ஒப்பந்தத்தில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவருக்கும் கடல்மேல் அக்கறை வந்தது.

இலையுதிர் காலத்தில், ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்த செவிலி ஒருத்தி ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தாள். பாலும் ரொட்டியும் எடுத்துக் கல்லாவில் வைத்தாள்.

"மீன் எங்க கண்ணு?" என்றாள் லுசெட்.

"மீன் வேணாங்க. இது போதும்."

"மீன் இல்லாம பை தர முடியாதே."

"பை வேணாங்க. எங்கிட்டயே இருக்கு" என்று அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு துணிப்பையை உருவி விரித்தாள்.

வரிசையில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பின்னால் நின்ற டாஃப்னி தன் பச்சை மத்தியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இவுங்க எந்த விதிக்குக் கீழ வர்றாங்க?" என்று வரிசையிலிருந்த எல்வுட், ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த நார்ட்டனிடம் கேட்டார்.

நார்ட்டன் பக்கங்களைப் புரட்டினான். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். "இப்படியொரு நபரைச் சபை எதிர்பார்க்கவில்லை" என்றான் கடைசியில்.

திருமதி வின்ஸ்லோவும் வரிசையில்தான் நின்றிருந்தார். அவர் முன்னால் வந்து, அந்தப் பெண்ணின் கையை அன்பாகப் பற்றிக்கொண்டார்.

"நீ ஊருக்குப் புதுசு, உன்மேல தப்பில்லம்மா. ஆனா இந்தக் கடலைக் காப்பாத்த நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம் தெரியுமா? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்குப் பையைத் தூக்கிட்டு வந்துட்டா, அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு?"

அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யார் முகத்திலும் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. அவளுக்கும் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்த அலுப்பு. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"சரி, ஒரு மீன் குடுங்க" என்றாள்.

வரிசை மூச்சுவிட்டது. யாரோ சிரித்தார்கள். எல்வுட் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். லுசெட் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை உதறி விரித்து, ஒரு நீல மத்தியைப் படுக்கவைத்து, பக்கத்தில் பாலையும் ரொட்டியையும் அடுக்கினாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. துணிப்பை நனைந்துவிடக் கூடாதே என்று, அதையும் அழகாக மடித்து உள்ளே வைத்தாள்.