கேரவனுக்குள் மோரி நாற்றம்

கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்ணாடி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. காது மந்தம் என்று ஒப்புக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு மூக்கு சரியில்லை என்று தானாக முன்வந்து சொன்ன மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை. காஞ்சிபுரத்திலேயே கூர்மையான மூக்கு என்னுடையதுதான் என்று முப்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், பெயின்ட் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன் நான். (பதினோரு வருடம் தின்னரை முகர்ந்த மூக்கில் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.)

அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய கேரவன் வாங்கினேன். சினிமா படப்பிடிப்புகளுக்கு ஓடிக் களைத்த வண்டி. உள்ளே ஏசி, சோபா, ஆளுயரக் கண்ணாடி, ஒரு கழிப்பறை, அதையொட்டி ஓர் ஆள் நின்று குளிக்கும் அளவுக்கு ஒரு ஷவர் தடுப்பு. எல்லாத் தண்ணீரும் வண்டிக்கு அடியில் இருக்கும் ஒரே கழிவுத் தொட்டிக்குப் போகும். மணப்பெண் அலங்காரத்துக்கு வாடகைக்கு விடுவது என் திட்டம். எந்த மணப்பெண்ணும் வண்டிக்குள் குளிக்கப் போவதில்லை என்பதால், ஷவர் தடுப்பின் குறுக்கே ஒரு கம்பி அடித்து, தரையில் ரப்பர் பாய் விரித்து, அதைப் புடவை மாட்டும் அலமாரியாக மாற்றினேன். இது பெரிய கண்டுபிடிப்பு என்று மனைவி கலாவிடம் பல தடவை சொன்னேன். அவள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. காதில் வாங்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் என் சித்தப்பா மகள் நித்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாலாஜாபேட்டை. சின்ன காஞ்சிபுரத்தில் மண்டபம். மண்டபத்தில் மணமகள் அறை நன்றாகவே இருந்தது. நான்தான் விடவில்லை.

"வேணாம்ணா, ரூமே போதும்" என்றாள் நித்யா.

"அண்ணன் வண்டி இருக்கும்போது நீ ஏன்மா ரூம்ல உக்காந்துகினு இருக்கணும்? ஊரே பாக்கணும்" என்றேன். ஊரே பார்த்தது. அதில் குறையொன்றும் இல்லை.

சித்தப்பா தறிக்காரர். மகளின் கூறைப்புடவையைத் தானே நெய்வதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. வெளி வேலை எதையும் தொடாமல், சித்தியும் அவரும் மாறி மாறி உட்கார்ந்து நெய்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அதை ஒரு வெள்ளை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து, "பத்திரம்பா" என்ற ஒரே வார்த்தையோடு என் கையில் கொடுத்தார்.

அன்று மத்தியானமே, நிறுத்தி வைத்திருந்த ஓரிக்கையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து மண்டபத்துப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தேன். ஆடி மாதம் முழுக்க வெயிலில் சும்மா நின்ற வண்டி. (ஆடியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்?) கதவைத் திறந்ததும் கலா மூக்கைச் சுருக்கினாள்.

"மோரி நாத்தம் வருதுங்க."

சாக்கடையை எங்கள் பக்கம் மோரி என்போம்.

"பூட்டிக் கெடந்த வண்டி அப்படித்தான் இருக்கும். ரெக்சின் வாசனை அது" என்றேன்.

"எனக்கு ரெக்சினும் தெரியும், மோரியும் தெரியும்."

பெயின்ட் பிரிவில் பதினோரு வருடம் என்று நான் ஆரம்பித்ததும் அவள் இறங்கிப் போய்விட்டாள். கதவை ஒரு மணி நேரம் திறந்து வைத்து, ரூம் ஸ்ப்ரே அடித்தேன். நாற்றம் அடங்கியது. புடவையை ஷவர் அலமாரியில் மாட்டி, தடுப்பைச் சாத்திவிட்டு, என் மூக்கை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நித்யாவும் அலங்காரம் செய்யும் பெண்ணும் வண்டியில் ஏறினார்கள். ஏசிக்காகக் கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் பவுடர் போட ஆரம்பித்தாள். நித்யா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இன்னாமோ நாறுது."

"ரெண்டே நிமிஷம்மா" என்று கூரையில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். நாற்றம் அதிகமானது. வேகத்தைக் கூட்டினேன். இன்னும் அதிகமானது. எவ்வளவு மோசமான நாற்றமாக இருந்தால் ஃபேன் போட்டும் போகாமல் இருக்கும் என்று வியந்து, அதன் கடைசி வேகத்துக்குப் போனேன்.

எலி செத்திருக்கும் என்று முடிவு செய்தேன். சோபாவின் அடிப்பலகையைக் கழற்றி வெளியே வைத்தேன். ஒரு சீப்பும் ஏதோ படத்தின் வசனக் காகிதமும் கிடைத்தன. எலி இல்லை. பிறகு கழிப்பறைதான் குற்றவாளி என்று, மல்லிகை மணம் கொண்ட பினாயில் ஒரு பாட்டிலை முழுசாக ஊற்றினேன். இப்போது சாக்கடைக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்தது போல இருந்தது. கலா உள்ளே எட்டிப் பார்த்து, "ரெக்சின் இப்ப பூத்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி வந்தார். பார்த்தாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும் உருவம். மருமகளைப் பார்த்துவிட்டு வளையல் கொடுத்துப் போகலாம் என்று, தோளில் ஒரு பெரிய பையோடு ஏறி, ஷவர் தடுப்பை ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கமாகக் குனிந்தேன். நாற்றம் அங்கேதான் பலமாக இருந்தது. பை தரையில் இருந்தது. என் மூளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது.

நான் அப்போது பேசியதை இன்றைக்கும் வரி மாறாமல் சொல்லக்கூடியவர்கள் எங்கள் குடும்பத்தில் இருபது பேராவது இருக்கிறார்கள்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. பையில கருவாடு எதனா இருக்குதுங்களா?"

அலங்காரப் பெண்ணின் கை நின்றது. நித்யா கண்ணை மூடிக்கொண்டாள். தனலட்சுமி அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்கு கருவாடு எடுத்துகினு வந்திருப்பேன்னு நெனைக்கிறியா தம்பி?"

"இல்லம்மா, ஒரு சந்தேகம்தான். தொறந்து பாத்தா தெளிஞ்சிடும்."

அவர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். வளையல் பெட்டி. மஞ்சள், குங்குமம். மாற்றுப் புடவை. பிரஷர் மாத்திரை. ஓர் எவர்சில்வர் டப்பா. இங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். "அந்த டப்பா?" என்றேன். திறந்தார். மருமகளுக்கு என்று ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடா. நான் அதை வாங்கி மோந்து பார்த்தேன். நெய்யும் பாகும் மணத்தன. டப்பாவை மரியாதையாக அவர் மடியில் திருப்பி வைத்தேன்.

"திருப்தியா?" என்றார்.

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

கோபித்துக்கொண்டு இறங்கிப் போவார், கல்யாணம் நிற்கும், சித்தப்பா என் முகத்தில் முழிக்க மாட்டார் என்றெல்லாம் என் மனதில் ஓடியது. அவர் இறங்கவில்லை. கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஃபேனை நிறுத்து."

நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் நாற்றம் குறைந்தது.

"இப்ப போடு."

போட்டேன். திரும்ப ஏறியது.

"ஃபேன் உள்ள இருக்குற காத்தை வெளிய தள்ளுது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடிக் கெடக்குது. அப்போ அதுக்கு காத்து எங்கிருந்து வரும்? எங்க ஓட்டை இருக்குதோ அங்கிருந்துதான் வரும்." ஷவர் தடுப்பைத் திறந்தார். சித்தப்பாவின் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. புடவையை ஒரு கையால் ஒதுக்கி, ரப்பர் பாயைத் தூக்கினார். கீழே தண்ணீர் போகும் வட்டத் துவாரம். "இங்க யாராச்சும் தண்ணி ஊத்தி எத்தினி நாள் ஆவுது?"

"ஊத்துனதே இல்லம்மா. இது புடவை அலமாரி" என்றேன். இந்த முறை குரலில் பெருமை இல்லை.

அவர் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. "அடியில குழாய் வளைஞ்சு இருக்கும் தம்பி. அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் மூடி. அது காஞ்சு போச்சுன்னா தொட்டியில இருக்குற நாத்தம் நேரா மேல வந்துடும். மே மாசம் லீவு முடிஞ்சு ஹாஸ்டலைத் தொறந்தா எல்லா பாத்ரூம்லயும் இதே கதைதான். ஒரு சொம்புத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். எலிக்காக சோபாவைப் பிரித்துப் போட்டவனின் பிரச்சினை ஒரு சொம்புத் தண்ணீரில் அடங்கியது. அவர் அத்தோடு விடவில்லை. கழிப்பறையில் ஃபிளஷ் செய்யச் சொன்னார். அங்கே தண்ணீர் இறங்கியதும் இங்கே ஷவர் துவாரத்தில் குமிழி குமிழியாகக் கொப்புளித்தது.

"பாத்தியா? தொட்டியில தண்ணி எறங்குனா அங்க இருக்குற காத்து வெளிய போவணும். அதுக்கு கூரைக்கு ஒரு குழாய் போவும். அது அடைச்சிருக்குது. ஏறிப் பாரு."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்க ஏணியில் ஏறினேன். சோபா பலகையை வெளியே பார்த்ததிலிருந்தே கீழே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வீடியோக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பினார். கூரையில் அந்தக் குழாய் இருந்தது. அதன் வாயில் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, நூல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆடியில் ஒரு நாள் மழை வரும்போல இருந்தது. எவனோ அறிவில்லாதவன் குழாயைத் திறந்து போட்டிருக்கிறான், மழைத் தண்ணீர் உள்ளே போகுமே என்று மேலே ஏறிக் கட்டினேன். இதையும் கலாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

கயிற்றை அறுத்ததும் ஒரு மாதத்து நாற்றம் என் முகத்தில் வந்து அடித்தது. பின்னால் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். (வீடியோவில் இந்த இடத்துக்கு நாதஸ்வரம் சேர்த்திருக்கிறார்கள்.)

"வாங்குனப்பவே இப்படி இருந்திருக்குது சித்தப்பா. பழைய ஓனர் வேலை" என்று கீழே பார்த்துச் சொன்னேன். சித்தப்பா கீழே விழுந்த கயிற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம வூட்டு முடிச்சுடா. எட்டு வயசுல உனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். நெசவாளியிடம் நூலைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது.

அவர் என்னைத் திட்டவில்லை. நேராக உள்ளே போய்ப் புடவையை எடுத்து வந்தார். மூக்கருகே வைத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஒரு ராத்திரி முழுக்க அந்தத் துவாரத்துக்கு மேலே தொங்கிய பட்டு. சித்தி பக்கத்தில் வந்து கரையைத் தடவிப் பார்த்தாள். அதுவரை எனக்கு அவமானம் மட்டும்தான் இருந்தது. சித்தியைப் பார்த்த பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"பிடிங்கப்பா" என்றார் சித்தப்பா.

கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டிப் பிடிக்கும்போது நிற்பதுபோல இரண்டு வரிசையாக நின்று, மண்டபத்து நிழலில் புடவையை முழு நீளத்துக்கும் விரித்துப் பிடித்தார்கள். காலைக் காற்று அதன் மேலும் கீழும் போய் வந்தது. தனலட்சுமி அம்மாவும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முந்தானைப் பக்கம் பிடித்தார். நானும் ஒரு முனையைத் தொடப் போனேன். "நீ கையைக் கழுவிகினு வா" என்றாள் கலா.

முக்கால் மணி நேரம் கழித்து சித்தப்பா ஒவ்வொரு முழமாக மோந்து பார்த்தார். "பினாயில் மட்டும் லேசா இருக்குது. பரவால்ல, கட்டுங்க" என்றார். நித்யா அதைக் கட்டிக்கொண்டு மணமேடைக்கு வந்தாள். நேரம் தப்பாமல் தாலி ஏறியது. அன்றைக்கு அவளைச் சுற்றி மல்லிகை வாசனை வந்துகொண்டே இருந்தது என்று மாப்பிள்ளை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திருத்தவில்லை.

பந்தியில் தனலட்சுமி அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பையைத் தொறக்கச் சொன்னதுகூட எனக்கு கோவம் இல்ல தம்பி. பேடாவை மோந்து பாத்துட்டு சும்மா திருப்பி வெச்சியே, ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கக் கூடாதா? அதான் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு."

அன்று மாலைக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: மோப்பம் மோகன். நித்யாவின் மகன் பேச ஆரம்பித்ததிலிருந்து எனக்கு மோகன் என்று ஒரு பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது. மோப்ப மாமாதான். எந்த உறவுக்காரர் வீட்டில் எந்த வாசனை வந்தாலும் எனக்கு போன் வருகிறது. கேலிக்குத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனாலும் போய்ப் பார்க்கிறேன். பத்தில் எட்டு வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது.

போன தை மாதம் நித்யா வாலாஜாபேட்டையில் வீடு கட்டிக் குடிபோனாள். வாசலில் கன்றோடு பசு நின்றது. ஐயர் பசுவை உள்ளே அழைக்கப் போகும் நேரத்தில் தனலட்சுமி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க. மொதல்ல மோப்பம் போய் பாத்துட்டு வரட்டும். அப்புறம் மாடு போவட்டும்."

கூட்டம் வழிவிட்டது. நான் உள்ளே போய் ஒவ்வொரு அறையாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு குளியலறையிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அதன் பிறகுதான் பசு உள்ளே வந்தது. வந்ததும் நடுக்கூடத்தில் சாணி போட்டது. ரொம்ப நல்ல சகுனம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாசனை விஷயத்தில் மாட்டுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.