பொட்டிபுரம் கண்மாயில் ஓர் எண்ணெய்க் கசிவு

உன்னிப்பாகப் பார்க்கிறவன் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான் என்று நினைப்பது தவறு. எதைப் பார்க்க உட்கார்ந்தானோ அதை மட்டும்தான் அவன் பார்க்கிறான். இது எனக்குப் புரிவதற்கு ஒரு விமானம் செலவாயிற்று. (விமானம் என்னுடையதல்ல.)

1950-களின் நடுவில், போடியிலிருந்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் விலை, சந்தையில் கத்திக்குத்து, போடிமெட்டு மலைப்பாதை வளைவில் கவிழ்ந்த ஜீப்பு. ஜீப்பில் எத்தனை மூட்டை இருந்தது, எந்தச் சக்கரம் கழன்றது என்பது வரை எழுதுவேன். அதனால் என் கண்களைப் பற்றி எனக்கே மிக உயர்ந்த அபிப்பிராயம்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவின் கணவர் ஆகாயத்திலிருந்து வந்து இறங்கினார். மச்சான் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். இன்னும் சில மணி நேரம் பறந்து கணக்கு முடித்தால் உரிமம். உரிமம் வந்தால் ஒரு கம்பெனியில் வேலை. பயிற்சிச் சங்கத்தின் சின்ன விமானத்தை மதுரையிலிருந்து எடுத்து வந்து, மாமனார் வீட்டாருக்குக் காட்டுவதற்காகப் பொட்டிபுரம் பக்கம் வறண்டு கிடந்த கண்மாயில் இறக்கிவிட்டார். திங்கட்கிழமை அது மதுரையில் நிற்க வேண்டும். அங்கே இறங்க அனுமதி வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. (சொந்த மச்சானிடம் எந்த நிருபரும் அதைக் கேட்பதில்லை.)

என் அப்பா ஏலக்காய் வியாபாரி. மருமகன் பறப்பதில் அவருக்குச் சம்மதம் கிடையாது. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், மூக்கின் இடப்பக்கம் விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கறுப்பாயிற்று.

"மாப்ள, இது ஒழுகுது."

"சும்மா கசிவு மாமா. எல்லா இஞ்சினும் கொஞ்சம் கசியத்தான் செய்யும்."

"நம்ம ஜீப்பு இப்படி ஒழுகுனா நான் மெட்டு ஏத்த மாட்டேன். ஜீப்பையாவது ஓரங்கட்டிட்டு எறங்கிக்கிடலாம். இத எங்க ஓரங்கட்டுவீங்க? எம்மகளுக்கு இருக்கிறது ஒரு தாலி."

மச்சான் சிரித்தார். மறுநாள் காலை இஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கசிவு கையகலப் பட்டையாக இறங்கியது. மச்சான் அதன்பிறகு சிரிக்கவில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். மேலெல்லாம் முகப்பவுடர் தூவி ஓடவிட வேண்டும். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. ஆனால் விசிறிக் காற்று எண்ணெயை நொடியில் எங்கும் பூசிவிடும். கண் இமைக்காமல் பார்க்க ஓர் ஆள் தேவை.

"நீதான மாப்ளே பேப்பர்க்காரன். பாத்துச் சொல்லு," என்றார் மச்சான் என்னிடம்.

அக்காவின் பவுடர் டப்பாவோடு போனேன். சக்கரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். இஞ்சின் கிளம்பியதும் பாதிப் பவுடர் என் வாய்க்குள் வந்தது. மீதி நனைவதைப் பார்த்து, நேரில் கண்ட சாட்சியின் குரலில் அறிவித்தேன்: "கடைசி சிலிண்டர் மூடி."

மச்சான் அந்த மூடியை முறுக்கினார். துடைத்தோம், தூவினோம், ஓட்டினோம். இன்னும் அதிகமாக ஒழுகியது. "அதே மூடிதான்," என்றேன். மறுபடி முறுக்கினார். நடுவில் எண்ணெய்த் தொட்டிக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி மேல்கோட்டையும் தாண்டி நனைந்து வந்தது.

"இம்புட்டு ஒழுகியும் கொறையவே இல்ல பாரு. நல்ல இஞ்சின்."

எண்ணெய் குறைந்தால் ஆபத்து என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒழுகுகிற தொட்டி எப்படிக் குறையாமல் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நான் தலையை வேறு ஆட்டினேன்.

ஞாயிறு நண்பகலில் போடிமெட்டுக்கு மேல் மேகம் கட்டியது. கண்மாயில் ஒரு மழை விழுந்தால் அந்தக் களிமண்ணில் மாட்டு வண்டியே நகராது. மச்சான் என்னைப் பார்த்தார்.

"நிச்சயமா அந்த மூடிதானா?"

"நிச்சயம் மச்சான். இன்னும் ஒரே ஒரு சுத்து."

அந்தச் சுற்றில் மூடியின் திருகாணி முறிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மச்சான் ஆணித் தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மாற்று ஆணி மெட்ராசில்தான் கிடைக்கும்.

அப்போது அப்பா வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறுகையில் தகர டின். எங்கள் முகத்தைப் பார்த்தவர், தூக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து டின்னைச் சாய்த்தார். பழகிய கை.

"மாமா, என்ன பண்றீங்க?"

"ஒழுகுதுல்ல. அதான் சோறு கொண்டாரப்பல்லாம் கழுத்து மட்டுக்கும் ஊத்திட்டுப் போறேன். பஸ் ஷெட்டுல நல்ல எண்ணெயாத்தான் கேட்டு வாங்குனேன். ஆகாசத்துல தீந்துபோச்சுன்னா எங்க போயி வாங்குவீங்க?"

"எங்ககிட்டச் சொல்லலாம்ல?"

"சொன்னா வேணாம்பீங்க."

தொட்டியில் கொஞ்சம் வெற்றிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சூடேறிய எண்ணெய் நுரைத்துக் காற்றுக்குழாய் வழியாக வெளியே வந்துவிடும். அந்தக் குழாய் வாய் என் முகத்திலிருந்து இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. அதிலிருந்து வந்த எண்ணெயைக் காற்று கொண்டுபோய் அப்பிய இடத்தைத்தான் நான் ஓட்டை என்று அறிவித்திருந்தேன்.

மச்சான் மெதுவாக விளக்கினார். அப்பா பெட்டியிலிருந்து இறங்கவில்லை. டின்னைப் பிடித்தபடி நின்றார். சற்று நேரத்தில் மழை வந்தது.

விமானத்தின் சிறகுகளைக் கழற்றி, ஏலக்காய் மூட்டை ஏற்றும் லாரியில் மதுரைக்கு அனுப்பினார்கள். பஜாரில் வியாபாரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து பார்த்தார்கள். சங்கம் மச்சானை நீக்கியது. கம்பெனி வேலை வேறொருவருக்குப் போனது. மச்சான் அப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்து, ஏலக்காய் ரகம் பிரிக்கக் கற்றுக்கொண்டார். அவர் இனிப் பறக்க மாட்டார் என்று அக்கா மட்டும் நிம்மதியாக இருந்தாள். அதை வெளியே காட்டாமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

மருமகன் முகத்தில் விழிக்கக் கூசி, அப்பா வெகுநாள் அவரோடு ஒரே பந்தியில் சாப்பிடவில்லை. அதைக் கண்டு, இந்தக் கதை வீட்டில் சொல்லப்படும்போதெல்லாம் எண்ணெய் ஊற்றிய ஆளை மச்சானே மாற்றிவிட்டார். இப்போது பேரப்பிள்ளைகளுக்குக்கூட, தொட்டியில் கழுத்து வரை ஊற்றியது நான்தான். மறுப்பு வெளியிட எனக்கு இடம் தரப்படவில்லை.

தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் வீட்டில் எல்லாரும் முற்றத்துக்கு ஓடுவார்கள். மச்சான் மட்டும் எழ மாட்டார். கையிலிருக்கும் காய்களிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்: "மாப்ளே, ஒழுகுதான்னு பாத்துச் சொல்லு."