செக்கிங் நைனா பாஸ் பண்ணிய ஜீப்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் வட்டாரத்தில் செக்கிங் நைனா உள்ளே போய்ப் பார்க்காத பாத்ரூம் கிடையாது. இத்தனைக்கும் அவர் பிளம்பர் இல்லை. செகண்ட் ஹேண்ட் ஜீப் வாங்கப் போகிறவர்கள் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஆள். வண்டி நல்லதா, வெறும் பெயின்ட் பூச்சா என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். அவர் சரி என்று சொன்ன வண்டி எதுவும் நடுரோட்டில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் பேச்சைக் கேட்காதவர்களைத்தான் மேம்பாலங்களுக்கு அடியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் யாரையோ திட்டியபடி நிற்கப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ராயப்பேட்டையில் ஒரு ஒர்க் ஷாப்பில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து முட்டி போய்விட்டது. குடியிருந்த ஆற்றங்கரை வீட்டையும் அரசாங்கத்தில் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். ஆனால் மனுஷர் அசரவில்லை. தினமும் காலையில் இரண்டு பஸ் மாறி மந்தைவெளிக்கு வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச்.

எனக்கு ஐம்பது வயதில் ஜீப் ஆசை பிடித்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தரமணி ஆபீஸுக்குப் போய் வர வேண்டும். சனி, ஞாயிறு ஜவ்வாது மலையில் பாறையிலும் சேற்றிலும் ஏற வேண்டும். இரண்டையும் ஒரே வண்டி செய்ய வேண்டும். புதிதாக வாங்க வக்கில்லை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "மத்திய கைலாஷ் சிக்னலத் தாண்டறதுக்குள்ளயே உங்களுக்கு மலை ஏறின மாதிரி மூச்சு வாங்குது. சனிக்கிழமை வேற ஏறணுமா?" என்றாள்.

அவள் கேலிகூடப் பரவாயில்லை. எங்கள் அடுக்குமாடியின் செக்ரட்டரிதான் கழுத்தில் கத்தி வைத்தார். கீழே எனக்கென்று இருந்த பார்க்கிங் இடத்தில் வருஷக்கணக்காக ஒரு பழைய சைக்கிள் மட்டும் நின்றுகொண்டிருந்தது. "மாசக் கடைசிக்குள்ள கார் வரலைன்னா, அந்த எடத்த ரெண்டாவது மாடி டாக்டரோட ரெண்டாவது காருக்குக் குடுத்துடுவோம் சார். மீட்டிங்ல பாஸ் ஆயிடுச்சு" என்றார். சென்னையில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால் திரும்பி வருவாள். பார்க்கிங் போனால் போனதுதான். ஜீப்போ இல்லையோ, இந்த மாதம் தெரிந்துவிடும்.

ஓடிப்போய் டீக்கடையில் நைனாவைப் பிடித்தேன்.

"இன்னா சார், டெய்லிக்கும் வோணும், மலைக்கும் வோணுமா?"

"ஆமா நைனா."

"அஞ்சு நாளு ஏ.சி.ல குந்திக்கினு, ஆறாவது நாளு பாறை மேல ஏறணும். வண்டி ஏறும். உன்னால முடியுமா, அத்த சொல்லு மொதல்ல."

முதலில் பார்த்தது இந்திரா நகரில், ஒரு ஐ.டி. பையனின் ஜீப். ஆளுயரச் சக்கரம். முன்னால் இழுவைக் கம்பிச் சுருள். ஆற்றில் இறங்கினால் மூச்சு விடுவதற்கு, பானெட்டிலிருந்து கூரை வரைக்கும் ஒரு கருப்புக் குழாய். கதவெல்லாம் மலைப் படம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நைனா வண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "தம்பி, ஒரு நிமிசம். பாத்ரூம் எங்க கீது?" என்று கேட்டு உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து, என்னை லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"வோணாம் சார்."

"வண்டியையே பாக்கலையே நைனா."

"உள்ள ஷாம்பு மட்டும் பதினோரு பாட்டிலு கீது. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி. ஒண்ணத்தையும் முடிக்கல, அதுக்குள்ள அட்த்தது வாங்கிக்கினான். இவனா ஒயுங்கா ஆயில் மாத்திருப்பான்? வண்டிய எவன் வோணாலும் கயுவி வெப்பான் சார். பாத்ரூமுக்கு எவன் பாலிஷ் போடறான்?"

அதுதான் அவர் சித்தாந்தம். முட்டி போனபிறகு வண்டிக்கு அடியில் படுக்க முடியவில்லை, அதனால் வண்டி வைத்திருக்கிறவனைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். என் மனைவியின் ஆராய்ச்சி வேறு. "அந்த ஆளுக்கு சுகர் இருக்கு. அவசரமா போறாரு. அதுக்குப் போயி நீங்க தத்துவம் பேசிட்டு அலையறீங்க." எது நிஜமோ, அதே வண்டியை வாங்கிய என் ஆபீஸ் நண்பர் முதல் மழையில் நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் கம்பியை இழுத்தார். கம்பி கையோடு வந்துவிட்டது. இப்போது அதை ஞாபகார்த்தமாக மேஜை மேல் வைத்திருக்கிறார்.

அடுத்தது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி வீடு. "வாங்க, வாங்க, மொதல்ல காப்பி குடிங்க" என்று அன்பாக உபசரித்தார். வீட்டுக்குள் பளிங்கு, வாசலில் பளபளவென்று ஜீப். நைனா பாத்ரூமிலிருந்து வந்து காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே நடந்தார்.

"கொயாயி தங்கம் கணக்கா மின்னுது. தொறந்தா சொட்டுத் தண்ணி வர்ல. கெஸ்டுக்குக் காட்டறதுக்குன்னு வெச்சிகீறாரு. நீ கீய குனிஞ்சு பாரு. முன் சக்கரத்துக்குப் போற தண்டு கீதா?"

குனிந்தேன். இல்லை. மைலேஜ் வருமென்று யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அது நான்கு சக்கர ஜீப் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி, நான்கு சக்கரம் இருந்ததுதான்.

வடபழனியில் பார்த்தது சினிமாவுக்கு வாடகைக்கு விடுகிற ஜீப். போலீஸாகவும் ராணுவமாகவும் மந்திரியின் மச்சானாகவும் பல படங்களில் நடித்தது என்று அதன் சொந்தக்காரர் பெருமையாகச் சொன்னார். நகத்தால் லேசாகச் சுரண்டினேன். வெள்ளைக்குக் கீழே காக்கி, காக்கிக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ஓட்டை. நைனா கொல்லைப்புறம் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கதவு கீது சார். தொறந்தா பின்னால பொட்டல் வெளி. எந்தப் படத்துக்கோ போட்ட செட்டு. வா, போலாம்."

இப்படியே பதினாறு வண்டி, பதினாறு பாத்ரூம். மாதம் முடிய நான்கு நாள்தான் பாக்கி. டாக்டர் தன் இரண்டாவது காரின் நீளத்தை என் பார்க்கிங்கில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பதினேழாவது அபிராமபுரத்தில். ரிட்டயரான ஜியாலஜி லெக்சரர் மாமி. இருபது வருஷமாக அதே ஜீப்பில் தினமும் காலேஜுக்குப் போயிருக்கிறார். லீவு விட்டால் மாணவிகளை ஏற்றிக்கொண்டு மலை மலையாகப் போய்க் கல் பொறுக்கியிருக்கிறார். எனக்கு எது கனவோ, அது மாமிக்கு வேலை. இப்போது கண்ணில் கோளாறு, ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். வண்டிக்கு வயதாகிவிட்டது, பெயின்ட் மங்கல், ஸ்டிக்கர் ஒன்றும் இல்லை. பின் சீட்டில் மட்டும் கல் கீறிய கோடுகள்.

நைனா உள்ளே போனார். கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. வெளியே வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"சார்," என்றார் மெதுவாக. "கொயாய்க்குப் போடற வாஷரு, சைஸ் வாரியா டப்பால போட்டு, மேல பேரு எய்தி ஒட்டிகீறாங்க. கண்ண மூடிக்கினு வாங்கு. வேற யார்னா வந்துடப் போறான்."

மாமி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றவா எல்லாரும் பானெட்டத் தொறந்து பாக்கறா. நீங்க என்னன்னா என் பாத்ரூமத் தொறந்து பாத்துண்டு இருக்கேள். என்ன விஷயம்?"

நைனா பொய் சொல்லத் தெரியாதவர். ஷாம்பு பாட்டிலிலிருந்து செட்டுக் கதவு வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். மாமி கோபிக்கவில்லை. ஒரு பாடத்தைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இது ரெண்டு பக்கத்துக்கும் பொதுதானே? போன வாரம் ஒருத்தர் வந்தார். பிரிச்சு ஸ்பேர் பார்ட்ஸா வித்துடுவேன்னார். இன்னொரு பையன், ஆறே மாசம் ஓட்டிட்டு மாத்திடுவேன்னான். வாங்கிண்டு போறவர் எப்படிப்பட்டவர்னு எனக்கு மட்டும் தெரிய வேண்டாமா? எனக்கோ கண் சரியில்லை. நீங்களே இவராத்து பாத்ரூமப் பாத்துட்டு வந்து சொல்லுங்கோ. உங்க வார்த்தை எனக்குப் போதும்."

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். காரணம், என் பாத்ரூம். அதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதுவதா என்று மனைவியிடம் கேட்டேன். ஊருக்கே தெரிந்ததுதானே என்றாள்.

"நைனா, நாளைக்கு வெச்சுக்கலாமே. இன்னிக்கு வீட்ல கொஞ்சம் வேலை..."

"செக்கிங்குன்னதும் பிளம்பருக்குப் போன் போடறவன நான் எத்தினி பேரப் பாத்துகீறேன். ஆட்டோவக் கூப்டு."

மூன்று மாடி. ஒவ்வொரு படியிலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே போய்த் தாழிட முயன்றார். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாகத் தள்ள வேண்டும். நான்கு முறை முயன்ற சத்தம் கேட்டது. பிறகு டார்ச்சின் வெளிச்சம் கதவிடுக்கில் இப்படியும் அப்படியும் போனது. பிறகு ஃப்ளஷ் டாங்க்கின் மூடியைத் தூக்குகிற சத்தம். பிறகு ரொம்ப நேரம் சொட்டுச் சத்தம் மட்டும்தான். ஜீப் போச்சு, பார்க்கிங் போச்சு என்று ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு இப்படி வியர்க்கவில்லை.

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சக்கர இல்லாம ஒரு டீ குடும்மா" என்று என் மனைவியிடம் சொன்னார்.

"எப்படி நைனா?"

"உன்கிட்ட சொல்றதுக்கு நான் பாக்கல சார். அந்தம்மாவுக்குப் பாத்தேன்."

ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஆட்டோவில் அபிராமபுரம் திரும்புகிற வரை வெளியே பார்த்தபடியே வந்தார். மாமியின் எதிரில் நின்றுகொண்டு, கோர்ட்டில் சொல்வதுபோலச் சொன்னார்.

"கொயாயி ஒயுகுதும்மா. ரெண்டு வருசமாவது ஆவும், செவுத்துல கோடு வியுந்துகீது. ஃப்ளஷ்ஷு மூடியத் தூக்கி, உள்ள கம்பிய இஸ்தாதான் வேலை செய்யும். தாப்பா ஒரு தினுசா கீது. இந்த சாரு ஒண்ணத்தயும் ரிப்பேர் பண்ணல."

நான் தரையில் இருந்த மொசைக் கற்களை எண்ண ஆரம்பித்தேன். மாமி "ஓஹோ" என்றார்.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. ஒயுகற கொயாய்க்குக் கீய பக்கெட்டு கீது. அது ரொம்பினா எடுத்து வெக்க இன்னொரு பக்கெட்டு. அந்தத் தண்ணியெல்லாம் பால்கனில செடிக்குப் போவுது. ஃப்ளஷ் கம்பிய எப்டி இஸ்க்கணும்னு படம் வரைஞ்சு, பிளாஸ்டிக் கவர் போட்டு ஒட்டிகீறாரு, வர்றவங்க பேஜாராவக் கூடாதுன்னு. தண்ணி மொள்ற மக்குக்குப் பிடி ஒடஞ்சு போயி கயிறு கட்டிகீது. எல்லாமே சோம்பேறித்தனம்தான். ஆனா உள்ள கீறது ஒண்ணத்தயும் இவரு தூக்கிப் போடல. உங்க வண்டிக்கு இவரு ஒயுங்கா ஆயில் மாத்த மாட்டாரும்மா. அத்த நான் பாத்துக்கறேன். ஆனா இவரு இத்தப் பிரிச்சு விக்க மாட்டாரு."

பள்ளிக்கூட வாத்தியாரிலிருந்து ஆபீஸ் மேனேஜர் வரை அத்தனை பேரும் என்னைப் பற்றி எழுதி வைத்தது ஒரே ஒரு வரி: எதையும் முழுசாகச் செய்து முடிக்க மாட்டான். நானும் அதை நம்பிவிட்டேன். அதே சோம்பேறித்தனத்துக்குள் டார்ச் அடித்து, கொஞ்சம் நல்லது இருக்கிறதா என்று தேடிய முதல் ஆள் இவர்தான்.

மாமி உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "செகண்ட் கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும். திட்டாதீங்கோ" என்றார்.

பணம், பேர் மாற்றுகிற எழுத்து வேலையெல்லாம் அடுத்த நாள் முடிந்தது. மாதம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. வண்டியை எடுத்ததும் என் பார்க்கிங்குக்குப் போகவில்லை. நைனாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, வீட்டில் விடுகிறேன் என்று கிளம்பினேன். "இன்னாத்துக்கு சார், பஸ்ல போய்க்கினே இருப்பேன்" என்றார். ஆனால் திருவான்மியூர் தாண்டுவதற்குள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்கிய களைப்பு இன்னும் போகவில்லை. கால் நீட்ட இடம் கிடைத்ததும் முட்டியின் மேல் கையை வைத்தபடி தூங்கிப் போனார்.

பாறையிலும் சேற்றிலும் குதித்து ஏறுவதற்கென்றே ஒரு மாதம் நாயாக அலைந்து வாங்கிய வண்டி அது. பெரும்பாக்கம் போய்ச் சேருகிற வரைக்கும், பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட, ஒரு பள்ளத்தில்கூட சக்கரத்தை இறக்காமல் ஓட்டினேன்.