பரிசீலனையில் இருந்த பலகை

அனைத்துலகக் கண்காணிப்பு அதிகாரி ஒருவரிடம் நான் வசமாக மாட்டியிருக்கிறேன். அரசாங்கத்தை மாட்டிவிடப் போன இடத்தில் மாட்டினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன உரிமைக் குழுவுக்குச் செயலாளர். (மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் டீக்கு மட்டும் வருவார்கள்.) இனப்பாகுபாட்டுப் புகார்களுக்கு அரசாங்கங்கள் என்ன பதில் சொல்கின்றன என்று நாடு நாடாகப் போய் விசாரிக்கும் ஓர் அமைப்பு, தன் அதிகாரியைப் பினாங்குக்கு அனுப்பியது. நாங்கள் கொடுத்தது கலா அக்காவின் புகார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். இந்த ஊரிலேயே பிறந்தவர்தான்; ஆனாலும் இந்திய வம்சாவளி என்று தெரிந்ததும் ஏழு வீட்டுக்காரர்கள் அவருக்கு வாடகைக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள். அதிகாரியின் அறிக்கையில் ஏறினால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். பாவம், அக்கா லீவு போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

கூட்டத்தில் அதிகாரியின் முன்னால், புகாருக்கு அரசாங்கம் அனுப்பிய பதிலை நான் படித்தேன். படித்தேனா, நடித்தே காட்டினேன். "இது தனிப்பட்ட சம்பவம். பாகுபாடு எங்கள் கொள்கை அல்ல. விவகாரம் பரிசீலனையில் உள்ளது." கடைசி வரியை நான் இழுத்த இழுப்பில் மண்டபமே சிரித்தது.

அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வருமா? வீடு பக்கம்தான், அம்மா மீன்கறி வைத்திருக்கிறார் என்று அதிகாரியையும் அக்காவையும் வலுக்கட்டாயமாக இழுத்துப் போனேன்.

கேட்டருகே அதிகாரி நின்றுவிட்டார். அங்கே ஒரு பலகை. 'அறை வாடகைக்கு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இல்லை.' நீலப் பெயிண்ட், என் கையெழுத்து. (தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருந்தேன். மொழிகளுக்குள் பாகுபாடு பார்க்கவில்லை.) இரண்டு வருஷமாக அதைத் தாண்டித்தான் உரிமைக் கூட்டங்களுக்குப் போய் வந்திருக்கிறேன்!

அதிகாரி நோட்டைத் திறந்தார். பலகை அறிக்கையில் ஏறினால் அக்காவின் புகார் கேலிக்கூத்தாகிவிடும்.

"இது என்ன?"

"அது... ஒரு தனிப்பட்ட பலகை, மேடம்."

"உங்கள் குடும்பத்தின் கொள்கையா?"

"பாகுபாடு எங்கள் கொள்கை இல்லை."

"என்ன நடவடிக்கை எடுத்திருக்கிறீர்கள்?"

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. "பரிசீலனையில் உள்ளது."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். கலா அக்காதான் பேசினார். "ஏழு வீடு பார்த்தேன் தம்பி. இது எட்டாவதுலா."

அப்படியே கூனிக்குறுகிப் போனேன். அதற்குள் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "ஏன் வெயில்ல நிக்கிறீங்க? இந்தப் பலகையா? நீதானேடா எழுதினே! கழட்டிப் போடுலா, இதுக்கு ஒரு மீட்டிங்கா? சோறு ஆறுது!" நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அவரே கம்பியை அவிழ்த்துப் பலகையை இறக்கினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, பலகை இறங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

கலா அக்காவின் புகார் அறிக்கையில் ஏறியது. பலகை ஏறவில்லை. (மீன்கறியின் மகிமை என்பது அம்மாவின் கட்சி.) அரசாங்கம் இன்னும் பரிசீலிக்கிறது. அக்காவுக்கு ஒருவழியாக ஒன்பதாவது வீடு கிடைத்தது. எங்கள் அறைக்கு நேபாளத்துக்காரர் ஒருவர் குடிவந்தார்.

இன்றைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் உள்ளே நுழைய மாட்டார். கேட்டின் முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பார்ப்பார். "மானிட்டரிங்லா தம்பி," என்பார். வீடே சிரிக்கும். நேபாளத்துக்காரர்தான் வந்து கேட்டைத் திறந்து, "வாங்கக்கா, சாப்பிட வாங்க" என்று அவரை உள்ளே அழைத்துப் போவார்.